மாப்பிள்ளை ஏன் உட்காரவில்லை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. என் மூட்டுகளைத்தான் பார்த்தார்கள். பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்குள் மாப்பிள்ளையின் அம்மா பாயை விட்டு எழுந்து வந்து, "கையத் தூக்கும்மா" என்றார். தூக்கினேன். "இன்னும் மேல." போலீஸ்காரனிடம் பிடிபட்டவள்போல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னார். கடைசியில் குந்தி எழச் சொல்லி, முழங்காலில் சொடக்குச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஈப்போ சிலிபின்ல எங்களுக்குக் காய்கறித் தோட்டம் இருக்கு. குனிஞ்சு நிமிர்ற பொண்ணுதான் எங்களுக்குத் தோது" என்று அப்பாவிடம் விளக்கம் வேறு.

அப்பா அதற்கும் தலையாட்டினார். அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். அப்பா ரப்பர் ஆலையில் ஆட்களை மேய்க்கிற மண்டோர். ஆலையில் அவர் அதட்டினால் கூரைத் தகரம் அதிரும். சம்பந்தி வீட்டார் முன்னால் மட்டும் அந்த வாய்க்குள் கொழுக்கட்டை போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளை கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். ஈப்போவில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலையாம். நான் காப்பி கொண்டுவந்தபோதும் நின்றார், உள்ளே போனபோதும் நின்றார். உட்காரச் சொன்னால் சிரித்தார். அவர்கள் போனபிறகு லயமே அதைப் பற்றித்தான் பேசியது. "பெரியவங்க முன்னால உக்காரமாட்டாராம். டவுன்ல வளர்ந்தும் என்னா மரியாத பாரு!" என்று ஆளாளுக்கு உருகினார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். அங்கே சுவரில் ஓர் எலும்புக்கூட்டுப் படம் மாட்டியிருக்கும். காய்ச்சல்காரர்கள் குறைவாக வருகிற நாளில் மருந்து கட்டுகிற டிரசர் அந்தப் படத்துக்கே பாடம் நடத்துவார். நான் தரையைத் துடைத்துக்கொண்டு கேட்பேன். தோளும் இடுப்பும் கிண்ணத்துக்குள் பந்து வைத்த மாதிரி, எந்தப் பக்கமும் சுழலும். முழங்கையும் முழங்காலும் கதவுக் கீல், ஒரு பக்கம்தான் மடங்கும். கழுத்தில் ஓர் எலும்பு முளைக்குச்சியாக நிற்க, அதைச் சுற்றித் தலை திரும்பும். மணிக்கட்டில் குட்டிக் குட்டி எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மண்டை ஓட்டில் மட்டும் எலும்புகள் தையல் போட்டதுபோல் கோத்துக்கொண்டு அசையவே அசையாது. எங்கள் சொந்தக்காரர்களை நினைத்துக்கொண்டால் இந்தக் கடைசிச் சங்கதியை நம்ப எனக்குக் கஷ்டமே இல்லை.

கல்யாணம் நிச்சயமானதைச் சபைக்கு அறிவிக்கும் ஓலையை மூன்றாவது ஞாயிறு வாசித்தபோது மாப்பிள்ளை எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்கே பூசைக்கு வந்திருந்தார். தரையில் பாய் விரித்த சின்னக் கோயில். மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலில் விழுந்தோம். பின்னால் அவர் ஒருவர் மட்டும் கைகூப்பி நின்றார். உபதேசியார் முன்னாலிருந்து முறைத்தார், விரலைச் சொடுக்கினார், மண்டியிடும்படி சைகை காட்டினார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. போன மாதம்வரை மரியாதைக்காரர், இந்த மணி அடித்ததிலிருந்து திமிர் பிடித்தவர். எங்கள் சனம் தீர்ப்புச் சொல்ல அவ்வளவு நேரம் போதும்.

பூசை முடிந்து அவர் வெளியே நடந்தபோதுதான் கவனித்தேன். இடது காலை மடக்காமல், இடுப்பிலிருந்தே வெளிப்பக்கமாகச் சுழற்றிச் சுழற்றி வைத்தார். பந்து நன்றாகத்தான் சுழன்றது. கீல்தான் வேலை செய்யவில்லை. என் வாழ்நாளை யாரோடு கழிக்கப்போகிறேன் என்பதை என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்திருக்கிறார்கள். ஊர் என்ன சொன்னால் என்ன என்று நேரே அவரிடம் போனேன்.

"உங்க முழங்கால் மடங்காதா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மடங்காது லா. சின்னப்புள்ளையில ஈயம் தோண்டுற லம்பத்துப் பள்ளத்துல விழுந்து, சீழ் வச்சு, ஆறும்போது எலும்போட எலும்பு ஒட்டிக்கிச்சு. அன்னிக்கே உங்கப்பாவ வெளிய கூப்பிட்டுச் சொன்னேனே. அம்மா சொல்ல வேணாம்னாங்க, நான்தான் கேக்கல. பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னேன். மறுவாரமே நீங்க சரின்னுட்டீங்கன்னு ஆள் அனுப்பினாரு."

"நான் சரின்னேனாமா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "அப்ப இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. வேணாம்னாலும் நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

என்னை யோசிக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "அவரு காலப் பத்தி ஏம்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"போன தடவ வந்த எடத்தையும் வேணாம்னுட்ட. சொன்னா இதையும் வேணாம்னுருப்ப."

"கேட்டிருந்தா சரின்னுருப்பேன்."

"அப்ப சரிதானே? ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு இந்த மொகம்?" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். ரெண்டும் ஒன்றில்லை, அதை அவருக்குப் புரியவைக்க ஒரு வழி தேடிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

கால் மடங்காத அந்த மனிதரைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குக் கிளம்பும் முன் பெண் மண்டியிட வேண்டும், அப்பா நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். வீடு நிறைய சனம். உபதேசியார் செபம் சொல்லி முடித்து, "மண்டி போடும்மா" என்றார். என் முழங்கால்களில் ஒரு குறையும் கிடையாது, சம்பந்தியம்மாவே காது வைத்துக் கேட்டுத் தீர்மானித்தவை. நான் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "புள்ளைக்கு என்னாச்சு?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

அப்பா கையைத் தூக்கிவிட்டிருந்தார். தலை வராத இடத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. அவருக்குத் தோள்மூட்டு திடமானது, இறக்க வெகுநேரம் பிடித்தது.