அண்ணையின் பெயரில் இருந்தவன்

எண்பதுகளின் நடுப்பகுதியில், பாரிசில், நான் என் அண்ணையின் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அது நடந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஆமி அண்ணையை இரண்டு தரம் மறித்து விசாரித்துவிட்டது. மூன்றாம் தரம் விடமாட்டார்கள் என்று பயந்த அப்பா, அவரை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பாஸ்போட் வந்து அலுமாரியில் இருந்தது. ஒருநாள் மத்தியானம், மறுநாள் பின்னேரத்துக்குள் கொழும்புக்கு வரும்படி ஏஜென்சிக்காரனின் தந்தி வந்தது. அண்ணை ஒரு சிநேகிதனின் கலியாணத்துக்காக மன்னாருக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். தந்தியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கட்டிலில் இருந்தேன். எனக்கும் அண்ணைக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். முகவெட்டு ஒன்று. பள்ளிக்கூட வாத்திமாரே எங்களை மாறிக் கூப்பிடுவார்கள். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன்.

நான் பாரிசுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் கிழமை ஊரில் எங்கள் ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். அண்ணையைக் கொண்டுபோனார்கள். பதினான்கு மாதம் தெற்கில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அம்மாவின் கடிதங்களில் என்னைக் குறை சொல்லி ஒரு வரிகூட இருந்ததில்லை. அதனாலேயே அவற்றைப் பிரிக்கப் பயப்பட்டேன்.

அகதி விண்ணப்பத்தை அந்தப் பாஸ்போட்டில் இருந்த பெயரில்தான் கொடுத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கும் ரெசிப்பிசே என்ற தற்காலிக வதிவிடப் பத்திரத்தில் அண்ணையின் பெயர், அண்ணையின் பிறந்த திகதி, என் படம். வேலை செய்யும் இடத்திலும் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

அப்போது பாரிசின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் இரண்டு மூன்றுதான். ஒரு கடையில் தொலைபேசி இருந்தது. எங்கள் எல்லோருக்கும் வரும் செய்திகளை அந்தக் கடைக்காரர் வாங்கி வைத்துச் சொல்லுவார். கார்த்திகை மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், என்னைக் கண்டதும் கையைக் காட்டினார்.

"தம்பி, உமக்கு ஒரு கோல் வந்தது. உம்மட தமையன் ஜேர்மனியிலை நிண்டு எடுத்தவர்."

அண்ணை முகாமை விட்டு வெளியே வந்ததே எனக்குத் தெரியாது.

"என்னவாம்?"

"ஞாயிற்றுக்கிழமை பகல் ரெண்டு மணிக்கு கார் து லெஸ்த் ஸ்டேசனிலை வந்து இறங்குறாராம். உம்மைச் சந்திக்க வாறன் எண்டு சொல்லச் சொன்னவர்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"தனிய வரேல்லையாம். இன்னும் நாலு பேர் கூட வருகினமாம். ஏன், உமக்குச் சந்தோசம் இல்லையோ?"

"ஓம், சந்தோசம்தான்" என்றேன். வாங்க வந்த சாமானை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

யார் அந்த நாலு பேர்? முகாமில் அவருடன் கிடந்தவர்களா? அடித்தால் அடி வாங்கலாம். அண்ணைக்கு அடிக்கும் உரிமை இருந்தது. ஆனால் அவர் அடிக்கவே தேவையில்லை. அகதிகளைப் பதியும் பிரெபெக்தூர் அலுவலகத்துக்குப் போய், இது என் பெயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மெற்றோ மேடையில் நின்றபோது வேறொரு எண்ணம் வந்தது. ஜேர்மன் எல்லையிலேயே அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால்? அதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலைக் கண்டு, வந்து நின்ற மெற்றோவில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

என் வேலை, போபூர் சென்-தெனி வீதியை ஒட்டிய ஒரு முற்றத்துக்குள் இருந்த தையல் பட்டறையில். தைத்து வரும் உடுப்புகளுக்கு நூல் வெட்டிப் பொத்தான் தைப்பேன். பின்னறையில் என்னோடு இருந்தவர் ஸ்திரிக்கை போடுபவர். துனீசியாவில் இருந்து வந்த யூதர். என்னைவிட ஏழெட்டு வயது கூட. நல்ல மனுசன், வாய் ஓயாது. அந்த வாரம் மட்டும் அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தார்.

புதன்கிழமை விசயத்தைச் சொன்னார். யூதர்கள் தங்கள் வேதமான தோராவைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு ஒரு பகுதி. ஒரு வருசத்தில் வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்கள். பாரிசுக்கு வெளியே சார்செலில் அவர் போகும் தொழுகைக் கூடத்தில், அந்த வாரப் பகுதியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அவரைக் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை.

"எனக்குப் பேசப் பயமாக இருக்கிறது. உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உனக்கு விளங்கினால் அங்கே எல்லோருக்கும் விளங்கும்" என்றார்.

என் பிரெஞ்சு அப்போது அரைகுறை. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். ஏசா, யாக்கோபு என்று இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திப் பிறந்தவன் ஏசா. தகப்பனுக்குக் கண் தெரியாது. மூத்தவனுக்கு வைத்திருந்த ஆசீர்வாதத்தைத் தம்பி போய், அண்ணனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, நான்தான் மூத்தவன் என்று சொல்லி வாங்கிவிட்டான். அண்ணன் கொல்லுவேன் என்றான். தம்பி வேறு தேசத்துக்கு ஓடினான்.

"இது பழைய கதை. இந்த வாரப் பகுதி இருபது வருசத்துக்குப் பிறகு தொடங்குகிறது. தம்பி திரும்பி வருகிறான். அண்ணனிடம் ஆள் அனுப்புகிறான். போனவர்கள் வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? உன் அண்ணன் உன்னைச் சந்திக்க வருகிறான். அவனோடு நானூறு பேர் வருகிறார்கள்."

ஊசி என் விரலுக்குள் ஏறிவிட்டது. வெள்ளைச் சட்டையொன்றில் இரத்தம் பட்டது. அவர் ஓடிவந்து சட்டையைப் பறித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டார்.

"என்ன இது? பேய் அறைந்தவன் மாதிரி இருக்கிறாய்?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்தது சைவப் பள்ளிக்கூடம். இந்தக் கதை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அதன் முடிவைக் கேட்கப் பயந்துகொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இப்போது பாராமல் சொல்கிறேன்" என்று தொடங்கினார்.

"செய்தி கேட்டதும் அவன் மிகவும் பயந்தான் என்று தோராவில் இருக்கிறது. உடனேயே கலங்கினான் என்றும் இருக்கிறது. ஒன்றுக்கு ஏன் இரண்டு சொல்? எங்கள் பழைய ஆசிரியர்கள் சொல்வது இது: அண்ணன் தன்னைக் கொன்றுவிடுவானோ என்று பயந்தான். தான் அண்ணனைக் கொன்றுவிடுவேனோ என்று கலங்கினான்."

மெற்றோ மேடையில் வந்த அந்த ஆறுதல் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தேன்.

அவர் என்னைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். பயந்தவன் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் அடிபட்டாலும் மற்றது தப்பட்டும் என்று தன் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தான். கடவுளைக் கும்பிட்டான். அண்ணனுக்குப் பரிசு அனுப்பினான். பிறகு தனியே நின்றபோது, யாரென்று தெரியாத ஒருவன் வந்து விடியும்வரை அவனோடு மல்லுக்கட்டினான். பிடியை விடாமலே அந்த ஆள் கேட்டான், உன் பெயர் என்ன?

"இந்த இடம்தான் என் பேச்சின் முக்கியம். முன்னர் தகப்பன் கேட்டபோது அண்ணனாக நின்று பதில் சொன்னான். இப்போது தன் பெயரைச் சொல்கிறான், யாக்கோபு என்று. அதற்குப் பிறகுதான் உண்மையான ஆசீர்வாதம் கிடைக்கிறது." நெற்றியைத் துடைத்தார். பிறகு என் அண்ணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "எப்படி இருக்கிறது? சனம் நித்திரை கொள்ளுமா?" என்று கேட்டார்.

"அது என் பெயர் இல்லை" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தந்தி, அலுமாரி, முகாம், ஞாயிற்றுக்கிழமை, கூட வரும் நாலு பேர், எல்லாவற்றையும் உடைந்த பிரெஞ்சில் கொட்டினேன். கடைசியில் என் பெயரையும் சொன்னேன். ஒன்றரை வருசமாக நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து ஸ்திரிக்கைப் பெட்டியை நிறுத்தினார். முதலாளியிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வேறு யாருக்கும் சொல்லாதே. எனக்கும் நீ சொல்லவில்லை" என்றார். பிறகு சொன்னார்: "நாளைக்குப் பேசி முடிய நான் ஒரு மணித்தியாலம் வாசலில் நிற்கவேண்டும். தொழுகைக் கூடங்களில் குண்டு வைக்கிறார்கள் என்று நாங்களே முறைவைத்து நின்று உள்ளே வருபவர்களின் பைகளைப் பார்க்கிறோம். என் சின்ன மகள் உள்ளே இருப்பாள். பேசுவதற்குப் பயம் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? உண்மையில் வாசலுக்குத்தான் பயம்."

மாரிகாலத்தில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை இருட்டியதும் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும்; அதற்குள் அவர் வீட்டில் இருக்கவேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போய்விட்டார்.

"கடைசியில் அண்ணன் என்ன செய்தான்?" என்று கேட்டேன்.

மணியைப் பார்த்தார். "ரயில் போய்விடும். திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று ஓடிவிட்டார்.

அன்று என் கடிதங்களையும் படங்களையும் ஒரு பையில் போட்டு, பட்டறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். சனிக்கிழமை பார்பேசில் அண்ணைக்கு ஒரு தடித்த குளிர் கோட் வாங்கினேன். அறையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஞாயிறு காலை மீன்குழம்பு வைத்து முடிந்ததும், கறிக்கத்தியைக் கழுவித் துணியில் சுற்றி, என் ஜக்கெற்றின் உள்பையில் வைத்தேன். படிக்கட்டில் இறங்கும்போது ஸ்திரிக்கைக்காரர் சொன்ன 'கலங்கினான்' என்ற இரண்டாவது சொல் நினைவுக்கு வந்தது. திரும்ப ஏறிப்போய்க் கத்தியை வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டேசன் வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்று கறுத்த முகங்களை மறித்து, 'பப்பியே' என்று பத்திரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன். ரயில் வந்து நின்றது. கடைசிப் பெட்டியில் இருந்து அவர்கள் இறங்கினார்கள். ஒரு பெண், அவளின் இரண்டு சின்னப் பிள்ளைகள், எழுத வாசிக்கத் தெரியாதவர் என்று நான் பிறகு அறிந்த ஒரு கிழவர். அந்த நாலு பேர் இவர்கள்தான். பிள்ளைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றவர் என் அண்ணை. அவரை நின்ற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவு மெலிந்திருந்தார்.

என்னைக் கண்டதும் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடிவந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். கழுத்தைச் சுற்றிக் கட்டிப் பிடித்தார். பிடி இறுகியது. எனக்கு மூச்சு முட்டியது.

"என்ர பேர் சுகமா இருக்குதோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"அண்ணை, நான்..."

"இஞ்சை வேண்டாம். பொலிஸ் நிக்குது. நட."

அந்தப் பெண்ணையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திருந்தது. நாங்கள் இருவரும் லா சப்பல்வரை நடந்தோம். கோட்டைக் கொடுத்தபோது "எனக்கு வேண்டாம், நீ போடு" என்றார். கெஞ்சிய பிறகு வாங்கிப் போட்டார். கோட்டின் கை நீளமாக இருந்தது.

அறையில் சோறு போட்டேன். வலக்கையால் சாப்பிட்டார். கோப்பையைப் பிடித்திருந்த இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு கையை மடிக்குள் வைத்தார்.

"அம்மா உன்ர பிறப்புச் சான்றிதழைத் தந்தவ" என்றார். "அதை வைச்சுத்தான் பாஸ்போட் எடுத்தனான். இஞ்சையும் அந்தப் பேரிலைதான் பதியப் போறன். விளங்குதோ? இப்ப நான்தான் தம்பி. எனக்கு ரெண்டு வயது குறைஞ்சு போச்சு." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்கு என்னிலை கோபமில்லையோ, அண்ணை?"

வாயில் இருந்ததை மென்று முடித்தார். "முகாமிலை ஒவ்வொரு நாளும் இருந்தது."

"இப்ப?"

"சோறு இன்னும் கொஞ்சம் போடு."

திங்கட்கிழமை ஸ்திரிக்கைக்காரர் எனக்கு முன்னமே வந்து நின்றார். வாசலில் ஒன்றும் நடக்கவில்லையாம். பேச்சில் மூன்று பேர் நித்திரையாம். என் கதையைக் கேட்டு முடித்தபிறகு தன் கதையின் மிச்சத்தைச் சொன்னார். அண்ணன் ஓடிவந்து தம்பியைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டான். தோராச் சுருளில் அந்த முத்தமிட்டான் என்ற சொல்லுக்கு மேல் புள்ளிகள் இட்டிருக்கும். ஏன் என்று அன்றிலிருந்தே தர்க்கம். மனதோடு கொடுத்த முத்தம் இல்லை என்பார்கள் சிலர். அந்த ஒரு கணம் முழு மனதோடுதான் கொடுத்தான் என்பார்கள் வேறு சிலர்.

"நீங்கள் எதை நம்புகிறீர்கள்?"

"சபையில் இரண்டையும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்" என்றார். "பிறகு அண்ணன், வா சேர்ந்து போவோம் என்றான். பிள்ளைகள் சின்னது, நீ முன்னால் போ, நான் மெல்ல வருகிறேன் என்றான் தம்பி. போகவில்லை. வேறு வழியால் போய்விட்டான்."

அண்ணை மூன்று மாதம் என்னோடு இருந்தார். அந்த மூன்று மாதமும் அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ரெசிப்பிசே எடுக்கப் போகும் நாட்களில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். அங்கே பெயர் கூப்பிடும்போது எழும்பவேண்டியவர் யார் என்று வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழகினோம். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெசில் ஒரு வீடு கிடைத்தபோது, "ரெண்டு பேரும் அங்கை போய் ஒண்டா இருப்பம்" என்றார்.

"நீங்கள் போங்கோ அண்ணை. நான் ஆறுதலா வாறன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. நான் போகவில்லை. வேலைக்கு லா சப்பல்தான் கிட்ட என்று காரணம் சொன்னேன். அவர் எங்களுக்குள் நடந்ததைப் பேசாமல் இருக்க இருக்க, அவரோடு ஒரே அறையில் படுக்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது என்பதுதான் உண்மை.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். எத்தனையாம் மாடி என்று கேட்க மறந்திருந்தேன். கீழே தபால்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். நாலாவது வரிசையில் என் பெயர் இருந்தது, அண்ணையின் கையெழுத்தில், கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்தபடி. அதற்கு முன்னால் கன நேரம் நின்றேன். பிறகு படியேறிப்போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அண்ணை என் கையில் இருந்த சாமான் பையை வாங்கினார்.

"ஏன் இவ்வளவு நேரம்? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வா" என்றார்.