முடிச்சில்லாத கயிறு

எனக்குப் படிப்பு கிடையாது, விலை தெரியும். மலாயாவில், காஹாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிய காலம். எங்கள் லயத்து வரிசை வீட்டு உத்தரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். ஞாயிறுதோறும் கடைத்தெருவுக்குப் போய் வருவேன். மிளகாய் வற்றல் விலை ஏறியிருந்தால் கயிற்றில் ஒரு முடிச்சு. இறங்கியிருந்தால் ஒன்றை அவிழ்ப்பேன். அது காற்றில் ஆடுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். கனவிலும் விலைதான் ஏறும், இறங்கும்.

ஒரு ஞாயிறு கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. இதைவிட மலிவு வராது. மனைவியிடம் தோட்டைக் கேட்டேன்.

"மிளகாய்க்கா என் தோடு? லயமே சிரிக்கும்ங்க."

"மழையில ரோடு முங்கட்டும், அப்ப யாரு சிரிக்கிறான்னு பாரு புள்ள."

தோட்டைக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் அடகு வைத்து, அவர் கடையிலேயே இரண்டு மூட்டை வாங்கினேன்.

மழை வந்தது, நிற்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்த மனைவி, "நமுத்துப்போச்சுங்க. இனி பூசணம்தான்" என்றாள். அவள் காதுத் துளைகளில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வேறு எவனுக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கூடத்துக்கு மூட்டைகளைத் தூக்கிப் போனேன்.

"அண்ணே, தொரை வந்து தும்முனா என்னா சொல்றது?" என்றான் அடுப்புக்காரன்.

"சளின்னு சொல்லு."

தகடுகளுக்குக் கீழே மிளகாயைப் பரப்பினோம். மேலே தேன்நிறத்தில் தகடுகள், தரையெல்லாம் சிவப்பு, நடுவில் மெல்ல நகரும் புகை. வெளியே பெய்த மழை வேறு ஏதோ நாட்டில் பெய்வதுபோல் கேட்டது. அந்தக் கதகதப்பில் நின்றுகொண்டே கண்ணயர்ந்தேன்.

மிளகாய் கலகலவென்று காய்ந்தது. ரப்பர்ப் புகை வாசம் மட்டும் போகவேயில்லை.

நான் சொன்னபடியே ரோடு முங்கியது. கடையில் மிளகாய் தீர்ந்தது. லயமே எங்கள் வாசலில் நின்றது.

"உங்க மிளகாயில வச்ச கொழம்பு டயரு மாதிரி மணக்குதண்ணே!" என்றான் மறுபடி வாங்க வந்த ஒருவன்.

"அப்ப வச்சிட்டுப் போ."

"அலமாக், அய்யய்யோ! கோச்சுக்காதீங்க, இன்னும் ரெண்டு பிடி போடுங்க."

மூட்டைகள் காலியாயின. வெள்ளம் வடிந்ததும் தோட்டை மீட்டு வந்தேன். ஈர்க்குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு அவள் தோட்டை மாட்டிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல ரப்பர் வாசம் அடிக்காதது இது ஒண்ணுதான்" என்றாள்.

விலை ஏறியும் கயிற்றைத் தொட மறந்திருந்தேன். அவளே எட்டி ஒரு முடிச்சுப் போட்டாள்.