ரசமட்டம் மாற்றி வைத்த தொட்டிகள்

வேலை பார்த்த கிடங்கில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம், கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவி. அடுக்கிய பெட்டிகளில் ஒன்று கடுகளவு துருத்திக்கொண்டிருந்தாலும் மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை; வீட்டுச் செருப்புகள்கூட அணிவகுத்து நின்றன. மொட்டை மாடி மட்டும்தான் அவர் கைக்குத் தப்பியிருந்தது. அது மனைவியின் ராஜ்ஜியம். அங்கே செடித்தொட்டிகள் மூலைக்கொன்றாகத் தாறுமாறாய்க் கிடந்தன.

அவள் கண்ணை மூடிய பிறகு வீட்டில் பேச ஆளில்லை. எத்தனை நாள்தான் சுவரையே பார்ப்பது? ஒருநாள் மேலே ஏறினார். தொட்டிகளைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. தொட்டியின் உயரவாரியாக எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். வெங்காயத்தை ஒட்டி அவரை, சோம்பை ஒட்டித் தக்காளி. இரும்பு ஸ்டூல் இரண்டு கிடந்தன. ‘ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு?’ என்று ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

கொஞ்ச நாளில் அவரைக்கொடி சுணங்கிப்போனது. தக்காளி போனால் கடையில் விதை கிடைக்கும். அவரை அப்படியல்ல. வருஷா வருஷம் அவள் தன் கையால் எடுத்துவைத்த விதை. டப்பாவில் ஒன்றுகூட மிச்சமில்லை. இந்தக் கொடி காய்க்காவிட்டால் அத்தோடு சரி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், உரம் போட்டுப் பார்த்தார். இலை மஞ்சளானதுதான் மிச்சம். வெட்கத்தை விட்டு வெளியூரிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

“அதை எங்கப்பா வச்சிருக்கீங்க?”

“வெங்காயத்துக்குப் பக்கத்துல. வரிசையா.”

“ஐயோ, ரெண்டுக்கும் ஏழாம் பொருத்தமாச்சே! தக்காளிக்கும் சோம்புக்கும் அப்படித்தான். அம்மா எப்பவும் இதையேதானே சொல்லிட்டிருப்பாங்க. உங்ககிட்ட சொன்னதில்லையா?”

“சொல்லியிருப்பா,” என்றார்.

சொல்லாமல் இருப்பாளா? பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் ‘ம்’ கொட்டியிருப்பார். காதில் எங்கே ஏறியது?

எந்தத் தொட்டி எங்கே இருந்ததென்று மகளுக்கும் தெரியவில்லை. மாடியைக் கூட்டிப் பார்த்தார். தரையில் வட்ட வட்டமாக ஈரக்கறை படிந்திருந்தது. ஒவ்வொரு தொட்டியின் அடியையும் அளந்து, அதனதன் கறைமேலேயே வைத்தார். வெங்காயம் ஒரு கோடிக்குப் போனது, அவரை மறுகோடிக்கு வந்தது. அலங்கோலமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தண்ணீர்த்தொட்டி நிழலில் துருக்கறைகளைக் கண்டார். ஸ்டூல் கால்கள் பதிந்த தடங்கள். ஓரிடத்தில் இழுபட்டு, தேய்ந்து, அப்பிக் கிடந்தன. அவள் உட்கார்ந்த இடம். பக்கத்திலேயே இன்னும் நாலு புள்ளிகள், அச்சடித்த மாதிரி, ஒரு மயிரிழைகூட நகராமல்.

“மேல வாங்களேன், காத்து நல்லாருக்கு.” சாயங்காலமானால் மாடியிலிருந்து அவள் கூப்பிடுவாள்.

“வரேன், வரேன்.”

போனதே இல்லை.

மிச்சமிருந்த ஸ்டூலைக் கொண்டுவந்து அந்த நாலு புள்ளிமேல் சரியாக வைத்து உட்கார்ந்தார். அவரைக்கொடி பிழைக்குமா என்று இன்னும் சொல்வதற்கில்லை. “வந்துட்டேன்மா,” என்றார். சொன்னதும் அழுகை பொங்கிவிட்டது. பக்கத்தில் அவள் இடத்தில் போடுவதற்கு ஸ்டூல் இல்லை. அதை அவரே தூக்கிக் கொடுத்திருந்தார்.