முத்தையன் மைக்செட்டின் நூறு மீட்டர் ஒயர்

நெடுங்காட்டில் மைக்செட் முத்தையனைத் தேட வேண்டுமென்றால் மேடைப் பக்கம் போகக்கூடாது. சாம்பார் வாசனை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ, அவருடைய ஆம்ப்ளிஃபயர் பந்திக்குப் பக்கத்தில்தான் உட்காரும். அவரும் கூடவே உட்காருவார், முதல் பந்திக்கு இலை விழுகிற வரைக்கும். மைக் மட்டும் பாவம், எங்கேயோ மேடையில் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு ஒயர், நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு, சீரியல் லைட் ஒயரோடு பின்னிக்கொண்டு, நூறு மீட்டருக்குக் குறையாமல் ஓடும்.

அந்த ஒயர் வழியாக வருகிற பேச்சுக்கு எப்போதும் ஜலதோஷம். பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வேறு. யாராவது குறை சொன்னால் முத்தையன் கோபித்துக்கொள்ள மாட்டார். "காதைக் கொடஞ்சுட்டு வாங்க" என்பார், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக ஊரும் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

மகள் எழில்மதி காரைக்காலில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். அவளிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

"அப்பா, மைக்கிலேர்ந்து வர்றது கொசு சத்தம் அளவுதான். அதை நூறு மீட்டர் இழுத்தா வழியிலயே கூர்மையெல்லாம் போயிடும். 'ச', 'த' எல்லாம் மழுங்கிடும். லைட் ஒயரோட உறுமலும் ஏறிக்கும். ஆம்ப்ளிஃபயரை மேடைகிட்ட வச்சு, சத்தத்தைப் பெருசாக்கிட்டு அப்புறம் குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்புங்க. தூரம் போனாலும் அவ்வளவா கெடாது."

"மேடைகிட்ட வச்சா நான் எங்கம்மா உக்கார்றது?"

"மேடைகிட்டதான்."

"சாப்பாடு?"

எழில்மதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் திருநள்ளாற்றில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் மணிபாரதி. அவர்கள் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா அம்பலவாணன் மட்டும் நிச்சயத்தன்று ஒன்று சொன்னார். "எங்க சனம் வயிறாரச் சாப்ட்டுட்டு மனசு நெறஞ்சு போவணுங்க. அது போதும்."

முத்தையனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. சாப்பாட்டில் ஒரு குறை வந்தால் மகள் போகிற வீட்டில் ஆயுசுக்கும் அதுவே பேச்சாகிவிடும் என்று பயந்தார். சமையலுக்கு மங்கையர்க்கரசியைப் பிடித்து, முந்நூறு பேருக்கு நானூறு இலை சொன்னார். ஒயரைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

தாலி கட்டியதும் மேடையில் நிற்கிற யாராவது மைக்கைப் பிடித்து இரண்டே வார்த்தையில் அறிவிப்பது முத்தையன் மைக்செட்டின் வழக்கம். "தாலி ஆச்சு!" அதைக் கேட்டதும் இலையில் சோறு விழும். நெடுங்காட்டுக்காரர்களுக்கு எப்படிக் கேட்டாலும் புரியும், பழக்கம். திருநள்ளாற்றுக்காரர்களுக்கு ஏது பழக்கம்?

பத்தரை முகூர்த்தம். பெண்ணைப் பெற்றவர் என்பதால் முத்தையன் அன்றைக்குத்தான் முதன்முதலாக மேடையில் நின்றார். ஆம்ப்ளிஃபயர் வழக்கம்போல் பந்தியோரம். கெட்டிமேளம் ஓய்ந்ததும் மைக்கைப் பிடித்து அந்த இரண்டு வார்த்தையைக் கத்தினார். ஒயர் 'தா'வின் நுனியைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பந்திக் குழாயில் துப்பியது.

"காலி ஆச்சு!"

கையைக் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பருக்கை விழவில்லை, அதற்குள் காலியா? முதல் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாவது வரிசையும் எழுந்தது. மங்கையர்க்கரசி கரண்டியும் கையுமாக "உக்காருங்க, உக்காருங்க" என்று குறுக்கே ஓடியும் பயனில்லை.

அம்பலவாணன் மேடைக்கே வந்துவிட்டார். தோளில் இருக்க வேண்டிய துண்டு கையில் இருந்தது.

"ஏன் சம்பந்தி, சோறு இல்லன்னா எங்கிட்ட ரகசியமா சொல்லியிருக்கலாமே. குழாய் போட்டா சொல்லுவாங்க?"

முத்தையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற எழில்மதிதான் விளக்கினாள். "தாலின்னு சொன்னீங்கப்பா. காலின்னு கேட்டிருக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். உதடு துடிக்கச் சொன்னாள். அது சிரிப்பா அழுகையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஆம்ப்ளிஃபயரைப் பிள்ளையைத் தூக்குவது போல் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தார். பின்னாலேயே மணிபாரதி, பட்டு வேட்டி புழுதியில் புரள, தெருக்கோடிக் குழாய்க்கென்று வைத்திருந்த தடித்த ஒயரைப் பந்திக் குழாயிலிருந்து மேடை வரைக்கும் இழுத்து வந்தான். மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இப்போது இரண்டு முழம்தான். முனகல் நின்றது. எழுந்து நின்ற சனமெல்லாம் குழாயைத் திரும்பிப் பார்த்தது.

"திருநள்ளாத்துச் சொந்தக்காரங்க எல்லாரும் மன்னிக்கணும். சோறு காலி ஆவலீங்க. தாலி ஆச்சுன்னுதான் சொன்னேன். தாலி! தயவுசெஞ்சு உக்காருங்க!"

எழுத்துக்கு எழுத்து சுத்தமாக விழுந்தது. பந்தியில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இலைகளின் முன்னால் ஆட்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அம்பலவாணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பந்திக்கு நடந்தார்.

அத்தோடு மைக்கை வைத்திருக்கலாம். "எம் பொண்ணு எழில்மதி..." என்று மேலே பேசப் போனார். தாலியோடு நிற்கிற மகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அவர் விசும்பியது, மூக்கை உறிஞ்சியது, மனைவி அஞ்சுகம் "போதும் வாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தது, எல்லாம் ஒன்று விடாமல் கடைசி இலை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

"ஒண்ணுமில்லீங்க, ஓமப் புகை" என்றார் மைக்கில்.

அதுவும் தெளிவாகவே கேட்டது. ஒருத்தரும் நம்பவில்லை.