பஞ்சு வெள்ளையாகவே இருந்தது

1. தோல் கேஸ்

சரோஜா எங்கள் கிளினிக்குக்கு முதல் தடவை வந்த அன்று, சீசா கொண்டுவரவில்லை என்று அவளைத் திட்டினேன். எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். மிக்சரோ லோஷனோ, வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து கழுவிய சீசா கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காய்ச்சல், பேதி, மூச்சிரைப்பு எல்லாம் உள்ளே டாக்டரிடம் போகும். தோலில் வருவது எதுவானாலும் என் மேஜையோடு சரி, ரிஜிஸ்டரில் பேர்கூட எழுத மாட்டோம். சொறி சிரங்கு என்றாலே டாக்டர் முகம் சுளிப்பார். எனக்கோ, ஜனங்கள் என்னையும் "டாக்டரு" என்று கூப்பிடுவதில் தலைகால் புரியாத பெருமை. சிவப்பாகத் தடித்திருந்தால் மூட்டைப்பூச்சி. பொடிப்பொடியாக இருந்தால் வேர்க்குரு. விரலிடுக்கில் இருந்தால் சிரங்கு. ஒன்றும் பிடிபடாவிட்டால் காணாக்கடி, அதாவது கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்தது. எனக்குத் தெரியவில்லை என்பதற்கு அது ஒரு கௌரவமான பேர்.

சரோஜா செவிலிமேட்டுக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. அவளும் புருஷன் கோவிந்தனும் ஒரே சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கித் திருப்புகிறவர்களுக்கு முழங்கை வரை கலர் ஏறியிருக்கும், காலெல்லாம் தெறித்திருக்கும். அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள்.

"அரிக்குதா?"

"இல்ல சார். அரிப்பும் இல்ல, வலியும் இல்ல. அதான் பயமா இருக்குது."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அரக்குச் சாயம் போட்டுக்கினு இருக்கற, செவப்பாத் தெறிக்காம பச்சையாவா தெறிக்கும்? சாயம் ஒத்துக்கலம்மா. எட்டு நாளு தொட்டிப் பக்கம் போகாத" என்றேன். கிளினிக் சீசா ஒன்றில் காலமைன் லோஷன் ஊற்றிக் கொடுத்தேன். "சீசா திரும்பி வரணும், ஞாபகம் வெச்சுக்கோ" என்று இரண்டு தடவை சொன்னேன்.

2. வெற்றிலை

எட்டு நாள் கழித்து வந்தாள்.

"சாயத்தத் தொட்டே எட்டு நாளாவுது சார். இன்னும் ஜாஸ்திதான் ஆவுது. கையிலயும் வந்துக்கினு இருக்குது. பல்லு வெளக்குனா ரத்தம் வருது."

வெற்றிலை போடுகிறவள், வாய் சிவந்திருந்தது. "மொதல்ல வெத்தலய நிறுத்து. அப்புறம் ரத்தம் எது, எச்சி எதுன்னு தெரியும்" என்றேன். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கூச்சத்தோடு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. சாயத்தை விட்ட பிறகும் புள்ளி கூடுகிறது என்றால் அது சாயத்தால் வந்ததில்லை. இதற்குப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும். நான் காணாக்கடி என்று சொல்லி ஆறு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

3. ஸ்பிரிட் பஞ்சு

ஆறாம் நாள் கோவிந்தன் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். மூக்கில் வைத்திருந்த துணி ரத்தத்தில் நனைந்திருந்தது. தோல் கேஸ் இல்லை என்று ஆகிவிட்டதால் இப்போது உள்ளே போக அனுமதி கிடைத்தது.

"பட்டறைக்காரங்க சார், சாயம் ஒத்துக்கல" என்று நான் முந்திக்கொண்டேன்.

டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தரச் சொல்லி, அவள் காலில் அழுத்தித் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகு என் மேஜையிலிருந்த, மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸை எடுத்துப் புள்ளிகள் மேல் வைத்து அழுத்தினார். வேர்க்குருவோ பூச்சிக்கடியோ என்றால், அழுத்தும்போது சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும். இது மங்கவில்லை. தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"ரெண்டு வாரமா இருக்குது சார். இந்த டாக்டருகிட்டதான் காட்டிக்கினு இருந்தோம்" என்று கோவிந்தன் என்னைக் காட்டினான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்றைக்கே மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் அவள் உடம்பில் அநேகமாக இல்லை என்று அங்கே சொன்னார்களாம். நாலாம் நாள் மூளையில் ரத்தம் கசிந்து செத்துப்போனாள். அணுக்கள் ஏன் குறைந்தன என்பது கடைசிவரை தெரியவில்லை.

தகவல் வந்ததும் டாக்டர் கதவைச் சாத்தினார்.

"அவ பேரு நம்ம ரிஜிஸ்டர்ல இருக்காய்யா?"

"தோல் கேஸ் எழுதறதில்லையே சார்."

"நல்லதாப் போச்சு. முன்னாடியே பார்த்திருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்?"

ஒன்றும் பண்ணியிருக்க முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் ஒரு பொம்பளை பிழைப்பாளா என்று பார்க்க இருந்த இரண்டு வாரத்தை லோஷன் தடவியே தின்று தீர்த்தவன் நான். தோல் கேஸை உள்ளே விடாதே என்றவர் அவர். அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

4. சீசா

காரியம் முடிந்து கோவிந்தன் வந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன். மடியிலிருந்து சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். சுத்தமாகக் கழுவியிருந்தது.

"திருப்பிக் குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில கூட சொல்லிக்கினே இருந்துச்சு சார்."

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே மேஜையில்தான் உட்கார்ந்தேன். யார் சிவப்புப் புள்ளியோடு வந்தாலும் துடைத்துப் பார்ப்பேன், கிளாஸை வைத்து அழுத்திப் பார்ப்பேன், மங்காவிட்டால் டாக்டர் எரிந்து விழுந்தாலும் உள்ளே தள்ளிவிடுவேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள், தெரியாததற்கு ஒரு பேர் வைக்காமல், "எனக்குத் தெரியல, உள்ள போங்க" என்று சொல்லப் பழகுங்கள். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். தொட்டியை விட்டாள், வெற்றிலையை விட்டாள், சீசாவையும் மறக்கவில்லை. சரியாகாவிட்டால் மறுநாளே ஓடி வா என்று மட்டும் நான் சொல்லவேயில்லை.