இரண்டு வருடமும் பதினொரு நாளும்

அடம்பனில் தையல் வேலை செய்து வந்தேன். ஒருநாள் மன்னாரிலிருந்து திரும்பியபோது, நான் இறங்கி முடிக்குமுன்பே சாரதி தனியார் பஸ்ஸை எடுத்துவிட்டார். விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. இரண்டு முறை சத்திரசிகிச்சை செய்தும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனது.

பொலிஸார் சாரதிமீது வழக்குப் போட்டார்கள். தவணைக்குத் தவணை நீதிமன்றம் போய் வந்தேன். பஸ் முதலாளியும் வீட்டுக்கு வந்து, "வழக்கு முடியட்டும் தங்கச்சி, நான் கைவிடமாட்டன்" என்றார். நம்பியிருந்தேன். சாரதிக்குத் தண்டம் விதித்து வழக்கு முடிந்தது. அதன்பின் முதலாளி என் அழைப்பை எடுக்கவேயில்லை.

கணவர் என்னை மன்னாரில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனார். அவர் கடதாசிகளைப் புரட்டி, விபத்து நடந்த திகதியில் விரலை வைத்தார்.

"அக்கா, பொலிஸ் வழக்கு சாரதியைத் தண்டிக்கிறதுக்கு. உங்கட காயத்துக்கு நட்டஈடு கேட்டு நீங்கள்தான் வேற வழக்குப் போட்டிருக்கோணும். அதுக்கு ரெண்டு வருஷம்தான். பதினொரு நாள் பிந்தி வந்திருக்கிறியள்."

"அந்த வழக்கு நடந்துகொண்டுதானே இருந்தது?" என்றேன்.

"அதுக்காக இந்த ரெண்டு வருஷக் கணக்கு நிக்காது, அக்கா."

கடதாசிகளை வாங்கிக்கொண்டு நானும் கணவரும் வீடு திரும்பினோம்.

இப்போது யாருக்காவது விபத்தென்று கேள்விப்பட்டால், சுகம் விசாரித்த கையோடு நடந்த திகதியையும் கேட்கிறேன். இலுப்பைக்கடவையில் உழவு இயந்திரம் மோதிக் காலை இழந்த ஒருவரின் மனைவி, "பொலிஸ் வழக்கு நடக்குதுதானே" என்றார். மறுநாள் காலையே அவரைச் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனேன். அவர்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.