ஏத்துகிறோம் என்ற வரியும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும்

நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட வாழ்த்துமடலை முழுதாகப் படித்தீர்களா?

அந்த அச்சகத்தில் பதினெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்தும் பெண்ணுக்குப் பட்டப்பெயரே ‘கேள்விக்குறி’. அங்கே ஒரு வழக்கம். சந்தேகமான வரியின் ஓரத்தில் அவள் கேள்விக்குறி போட்டுவிட்டால், வாடிக்கையாளர் தன் கைப்படப் பதில் எழுதித் தரும்வரை தாள் இயந்திரத்துக்குப் போகாது.

அன்று வந்தது ஊரின் நெசவாலை முதலாளிக்கான வாழ்த்துமடல். நாலு மணிக்குள் வேண்டுமாம். அன்று மாலை அவருக்கு ஆலையில் நடக்கும் பாராட்டு விழாவில் இருநூறு தொழிலாளர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். மறுநாள் விபத்தை விசாரிக்க வரும் அதிகாரியிடம் அதுவே சாட்சியாகப் போகும். ஆலையின் சரக்கு லிஃப்ட் கம்பி அறுந்து இடுப்பு நொறுங்கியவன் அவளுடைய தம்பி. தப்பு அவனுடையது என்று ஆலை சாதித்துக்கொண்டிருந்தது.

‘எங்கள் உயிரைத் தம் உயிராய்க் காத்த தங்களை ஏத்துகிறோம்’ என்றது கடைசி வரி.

பேனா நின்றது. அகராதியைப் புரட்டினாள். ஏத்துதல்: புகழ்தல், உயர்த்திச் சொல்லுதல். ஏறுதலுக்கும் ஏற்றுதலுக்கும் இது சொந்தம் என்று எப்போதோ படித்திருந்தாள். ஒருவரை உயர்த்த வேண்டுமானால் கீழே யாராவது தோள் கொடுத்தாக வேண்டும். தோள் கொடுத்தவர்களில் ஒருவன் வீட்டில் மல்லாந்து கிடந்தான்.

கேள்விக்குறி போட்டாள். பக்கத்திலேயே, ‘எந்த உயிரை? எந்தத் தேதியில்?’ என்று எழுதினாள்.

ஆலை மேலாளர் பறந்து வந்தார். “ஏம்மா, எழுத்துப்பிழை பாக்கத்தானே உனக்குச் சம்பளம்?”

“ஆமா சார். பெரிய பிழையா இருந்தா விட்டுடணுமா?”

அச்சக முதலாளி குறுக்கே வந்தார். இந்த ஒருமுறை விட்டுக்கொடு என்று கெஞ்சினார்.

“வழக்கத்தை வச்சது நீங்கதான், அண்ணே. அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இப்பவே அனுப்பிடறேன்.”

மேலாளர் பேனாவைத் திறந்தார். மூவரும் அதன் முனையையே பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியது. தன் கையெழுத்து நாளை யார் மேசைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! பேனாவை மூடினார். கைப்பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வேறு அச்சகத்துக்கு ஓடினார், மெய்ப்புத்தாளை மறந்துவிட்டார்.

கேள்விக்குறி போட்ட அந்தத் தாளை ஆலை வாசலில் நின்ற தொழிலாளர்களிடம் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மடல் அச்சாகி மேடைக்கு வந்தது. முதலில் நின்ற தறிக்காரர் கையெழுத்திடாமல், ‘எந்தத் தேதியில்?’ என்று எழுதினார். அடுத்தவரும் அதையே எழுதினார். அந்த மடல் அதிகாரியிடம் போகவேயில்லை. விசாரணை தம்பியின் கட்டிலருகே தொடங்கியது. அவளுக்கு வேலை இருக்கிறதா என்று மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

நாளை உங்களிடமும் ஒரு மடல் நீட்டுவார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.